யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு: அங்கேயே சமைக்க வேண்டியவை, பெட்டியில் ஏற்ற வேண்டியவை

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களில் பலர் திரும்புவதற்கு முதல்நாள்தான் சந்தைப்பக்கம் போகிறார்கள். அகப்பட்டதை வாங்கிப் பெட்டியில் அடைத்து, இறங்கும் விமான நிலையத்தில் பாதியைப் பறிகொடுக்கிறார்கள். முருங்கைக்காயும் பயற்றங்காயும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன. அங்கு கிடைக்காதவை முசுட்டை, தூதுவளை, பாத்தியிலிருந்து கிண்டியெடுத்த பனங்கிழங்கு, கருப்பணி (புளிக்காத இனிப்பான பனஞ்சாறு), அன்று காலை பிடிபட்ட ஒட்டி மீன் போன்றவை. இவை பயணம் தாங்காது. போய் இறங்கிய முதல் வாரத்திலேயே வாங்கி, உறவினர் வீட்டு அடுப்பில் சமைத்துச் சாப்பிடுங்கள். பெட்டியில் இடம் உலர்ந்த சாமானுக்கு மட்டும்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். கருப்பணி ஆண்டின் முதற்பாதியில், ஏறக்குறைய ஆடி வரை கிடைக்கும். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கியதை விடிகாலையிலேயே வாங்கிக் குடித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கிவிடும், போத்தலில் அடைத்து வைத்தால் பொங்கும். நுங்கும் கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் வேண்டுமென்றால் வைகாசி, ஆனி. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். பணியாரத்துக்குக் களி பிழிந்ததும் தும்பு போக வடித்து, அடுப்பில் வைத்துக் காய்ச்சி ஆறவிட்ட பிறகே மாவும் சீனியும் சேர்க்க வேண்டும். காய்ச்சாமல் குழைத்தால் காறல் நிற்கும். பனங்கிழங்குக்கு மார்கழி முதல் மாசி வரை. பள்ளி விடுமுறைக்கு ஓகஸ்டில் போகிறவர்களுக்குப் பச்சைக் கிழங்கு கிடைக்காது; ஒடியலும் (பச்சையாகப் பிளந்து காயவைத்த கிழங்கு) புழுக்கொடியலும்தான் (அவித்துக் காயவைத்தது). அந்த நாட்களில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க மாட்டார்கள். மீன், நண்டு போட்ட ஒடியற்கூழ் குடிக்கும் எண்ணமிருந்தால் கொடியேற்றத்துக்கு முன்னரோ தீர்த்தம் முடிந்தோ நாள் பாருங்கள். போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறை) இறைச்சிக் கடையும் தவறணையும் (கள்ளுக்கடை) பூட்டு.

இலைவகைக்குத் திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகள் நல்லவை. தென்மராட்சிப் பக்கம் தங்குகிறவர்களுக்குச் சாவகச்சேரிச் சந்தை கிட்ட. பலாப்பழத்துக்கும் அதுதான் இடம். காலை 8 மணிக்குள் போய்விடுங்கள். கடைக்காரரிடம் இல்லாவிட்டாலும், நாலைந்து பிடி இலையைச் சாக்கில் பரப்பிக்கொண்டு நிலத்தில் இருக்கும் ஆச்சிமாரிடம் இருக்கும். முசுட்டை வேலியில் படரும் கொடி. இதய வடிவ இலை, அடிப்பக்கம் தடவினால் பட்டுப்போல் இருக்கும். மாரியில் தாராளமாகக் கிடைக்கும், கோடையில் தேட வேண்டும். நாளைக்கு வேண்டும் என்று இன்றே ஆச்சியிடம் சொல்லிவைத்தால் பெரும்பாலும் ஆய்ந்துகொண்டு வந்து தருவார்.

வறை செய்யும்போது இலையைக் கழுவி, நீர் வடிந்த பிறகுதான் அரிய வேண்டும். அரிந்த பின் கழுவினால் சாறு தண்ணீரோடு போய்விடும். வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கியதும் இலையைப் போட்டுத் திறந்தபடியே கிளறுங்கள். மூடினால் நிறம் செத்துவிடும். உப்பும் தேங்காய்ப்பூவும் கடைசியில். வதங்கிச் சுருங்குமுன் உப்புப் போட்டால் அளவு தப்பி உவர்க்கும். தூதுவளை இலையின் அடி நரம்பிலும் முள் இருக்கும்; ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வல்லாரை ஈரநிலத்தில் வளர்வது, வேரடி மண் போக மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். இலைக்கஞ்சிக்கு இலைச்சாற்றை அடுப்பு நிறுத்துவதற்குச் சற்று முன் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும்.

மீனுக்குப் பாசையூர், குருநகர். கரைக்கு வந்தது கூறு கூறாகப் போகும், பெரிய மீன் ஏலத்தில் போகும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். மண்ணிறமாக மங்கியிருந்தால் அடுத்த கூறைப் பாருங்கள். நண்டைக் கையில் தூக்கினால் பாரம் தெரிய வேண்டும். நிலவு காலத்து நண்டில் சதை குறைவு என்பது கரையோரத்தார் கணக்கு.

இனி ஒடியற்கூழ். வெளிநாட்டுக் குளிர்பெட்டி மீனில் வைக்கும் கூழ் இந்தச் சுவைக்குக் கிட்டவும் வராது. ஆகவே இதற்காகவே ஒரு நாளை ஒதுக்குங்கள். எட்டுப் பேருக்கு ஒடியல் மா 250 கிராம், தண்ணீர் ஏறக்குறைய 4 லீற்றர், சின்னமீன் அரைக் கிலோ, நண்டு அரைக் கிலோ, இறால் கால் கிலோ, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு ஒவ்வொரு கைப்பிடி, முருங்கையிலை இரண்டு பிடி, ஒரு சிறங்கை அரிசி, செத்தல் மிளகாய் 15 முதல் 20, உள்ளி ஒரு பூடு, பழப்புளி 75 கிராம். சமைப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன் மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து வையுங்கள். மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் விடுங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்தால்தான் கைப்புப் போகும். அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி முதலில் வேகட்டும், பிறகு பயற்றங்காய், மீன், நண்டு, இறால். புளியை முன்கூட்டி விடவே கூடாது. புளி பட்டால் கிழங்கும் கொட்டையும் வேகாமல் கல்லுப்போல் நிற்கும். எல்லாம் அவிந்த பிறகு அரைத்த மிளகாய், உள்ளி, மஞ்சளோடு புளியைக் கரைத்து விட்டு, கொதித்ததும் கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறுகையால் துழாவுங்கள். உலர்ந்த மாவைத் தூவினால் கட்டி கட்டியாகும். இலையைக் கடைசியில் போட்டு, பத்து நிமிடம் சிறுதீயில் விடுங்கள். ஆறினால் இறுகும் என்பதால் சற்று இளக்கமாக இறக்கி, பனையோலைப் பிளாவில் சுடச்சுட ஊற்றிக் குடியுங்கள்.

கொண்டுவருவதற்கு ஒடியலை மாவாக வாங்குவதைவிட முழுப் பிளவுகளாக வாங்குவது நல்லது. வெளிர்நிறமாக, முறித்தால் சடக்கென்று முறிய வேண்டும். கருத்த புள்ளி இருந்தால் காயும்போது நனைந்தது. கிளம்புவதற்கு முதல்நாள் ஆலையில் திரித்து, அரித்து, ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் உறைகுளிரில் வையுங்கள், வண்டு வராது. பனாட்டு (வெயிலில் உலர்த்திய பனங்களி), புழுக்கொடியல், குட்டான் பனங்கட்டி (சிறு ஓலைப் பெட்டியில் வார்த்தது) ஆகியவை பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையிலும் கிடைக்கும். வேப்பம்பூ வடகத்தை வீட்டில் செய்கிறவரிடம் வாங்குவதே நல்லது. கருவாட்டை மூன்று பை போட்டு இறுக்கிக் கட்டி, உடுப்பு இல்லாத பெட்டியில் வையுங்கள்.

சுங்கத்தில் பச்சைச் சாமானுக்குத்தான் தடை கடுமை. 14.12.2019 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் இலை, காய், விதை எதையும் கொண்டுபோக முடியாது. விலக்கு ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை. மாம்பழம் அதில் இல்லை. வளவில் நட என்று முருங்கை விதை கொண்டுபோவதும் இதற்குள் அடங்கும். இறைச்சியும் நெய் உட்பட்ட பாற்பொருளும் அறவே கூடாது, மீனும் கருவாடும் ஒருவருக்கு 20 கிலோ வரை சொந்தப் பாவனைக்குக் கொண்டுபோகலாம். அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் பச்சைக் கறிவேப்பிலையைத் தடுப்பதற்குக் காரணம், தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதிலும் வாழ்வதுதான். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் உலர்ந்த ஒடியல், கருவாடு உட்பட உணவு எதுவானாலும் பயணியர் அட்டையில் எழுதிக் காட்டுங்கள். எழுதிக் காட்டிய பொருளை எடுத்துவைத்துக்கொண்டாலும் அபராதம் விழாது. எழுதாமல் பிடிபட்டால் விழும்.