வீட்டுப் பலகையில் ஓர் அப்பாஸ்ட்ரஃபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் நெருங்கினால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குடும்பத்தின் பேரில் வாழ்த்து அட்டை அடிப்பார்கள். கதவில் தொங்கும் மரப்பலகை, தபால் பெட்டி ஸ்டிக்கர், கல்யாணப் பரிசாகக் கொடுக்கும் எம்பிராய்டரி துண்டு என்று எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் ஏறும். இந்த வேலையைப் புதிதாக எடுத்துச் செய்கிறவர்களும், புது வீட்டுக்குப் பலகை ஆர்டர் கொடுக்கிறவர்களும், பழைய ஆட்கள் எப்போதோ கையைச் சுட்டுக்கொண்ட இடத்திலேயே மறுபடி சுட்டுக்கொள்கிறார்கள். “இட்ஸ்” எங்கே, “யுவர்” எங்கே என்பதெல்லாம் பள்ளிப் பாடம், அதை விடுவோம். இங்கே பேச்சு குடும்பப் பெயரைப் பற்றி மட்டும். உதாரணங்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. அப்பாஸ்ட்ரஃபி, அதாவது ’ என்ற குறி, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

பன்மைக்குக் குறி போடுவது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். வீட்டில் நாலு பேர், நாலு பேருக்கும் பெயர் ஸ்மித். அவர்களைச் சேர்த்துச் சொன்னால் “தி ஸ்மித்ஸ்”. பலகையில் ஏறுவதோ “தி ஸ்மித்’ஸ்”. அந்தக் குறி விழுந்த உடனே நாலு பேரும் காணாமல் போய், ஒரே ஒரு ஸ்மித்தும் அவருக்குச் சொந்தமான ஏதோ ஒன்றும் மிஞ்சுகிறது. அது என்ன என்றும் பலகை சொல்வதில்லை. ஸ்மித் என்ற சொல்லுக்குக் கொல்லர் என்றும் பொருள் உண்டு. அப்படிப் படித்தால் அந்த வீட்டு வாசலில் தொங்குவது கொல்லர் பட்டறைப் பலகை.

காதுக்கு இரண்டும் ஒரே ஒலி. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதில் விழுவதற்கு அதுதான் காரணம். தமிழ் பேசுகிறவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, ஆனால் யாரும் அதை எடுத்துப் பயன்படுத்துவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே “ஸ்” பார்க்கும் இரண்டு வேலைகளைத் தமிழ் இரண்டு சொல்லுறுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: பன்மைக்குக் ‘கள்’, உடைமைக்கு ‘உடைய’. எழுதப்போவதை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

ஸ்மித்கள், அதாவது ஸ்மித் வீட்டார் என்றால் எஸ் மட்டும்: “ஸ்மித்ஸ்”.
ஸ்மித்துடைய என்றால் குறி, பிறகு எஸ்: “ஸ்மித்’ஸ்”.
ஸ்மித்களுடைய என்றால் எஸ், பிறகு குறி: “ஸ்மித்ஸ்’”.

மூன்றாவது வரியில் முதலில் ‘கள்’, அதன் பின்னால் ‘உடைய’. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான்: பன்மையின் எஸ் முன்னே, உடைமையின் குறி பின்னே. வாயில் ‘உடைய’ வராத இடத்தில் குறிக்கு வேலையே இல்லை. அட்டையின் அடியில் “அன்புடன், ஸ்மித் வீட்டார்” என்று போட நினைத்தால் அதில் ‘உடைய’ எங்கே இருக்கிறது?

“வீடு என்ற சொல் தொக்கி நிற்கிறது, அதனால் குறி சரிதான்” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சரி, நிற்கட்டும். அப்போதும் அது நாலு பேருடைய வீடு. குறி எஸ்ஸுக்குப் பின்னால் போயாக வேண்டும். “தி ஸ்மித்’ஸ்” எந்தக் கணக்கிலும் தேறாது. உண்மையாகவே வீடு தொக்கி நிற்கும் இடம் வேறு. “ஸ்மித்களுடைய வீட்டில் விருந்து” என்பதை ஆங்கிலத்தில் வீடு என்ற சொல் இல்லாமல் எழுதினால் “அட் தி ஸ்மித்ஸ்’” என்று குறியோடு முடியும். “ஸ்மித்களோடு விருந்து” என்றால் “வித் தி ஸ்மித்ஸ்”, குறி கிடையாது. அழைப்பிதழ் அடிக்கிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

தவறு பெரும்பாலும் ஆர்டர் எழுதும் கட்டத்திலேயே உள்ளே வருகிறது. பன்மையாக்கிய குடும்பப் பெயர் பல எழுத்துப்பிழைத் திருத்திகளின் அகராதியில் இருக்காது. சிவப்புக் கோடு விழும், பரிந்துரையாகக் குறி போட்ட வடிவம் வரும், விரல் அதைத் தட்டிவிடும். போனில் ஆர்டர் சொன்னால் கேட்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் பெயரைத் தனித்தனி எழுத்தாகச் சொல்லி, கடைசியில் “அப்பாஸ்ட்ரஃபி கிடையாது” என்று ஒரு வரி எழுதியும் அனுப்புங்கள். மாதிரி வந்ததும் பெயரின் மூல வடிவத்தை விரலால் மறையுங்கள். மிஞ்சுவது எஸ் அல்லது இ-எஸ் மட்டும் என்றால் அச்சுக்கு விடலாம். மாதிரிக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு, பெயர் பொறித்த பொருளைப் பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்குவதில்லை.

பின்னால் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு: மரத்தில் வண்ணம் தீட்டியிருந்தால் குறியை அழித்து மேலே பூசலாம், ஆனால் எழுத்துக்கு நடுவே விட்ட இடைவெளி காட்டிக்கொடுக்கும். எம்பிராய்டரியைப் பிரித்தால் துணியில் ஊசித் துளை நிற்கும். கல்லில் செதுக்கியிருந்தால் அந்த முகம் முழுவதையும் இழைத்து இறக்க வேண்டும். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி ஒரே துண்டாக லேசரில் வெட்டும் பலகையில் வேறொரு கூத்து: குறி எந்த எழுத்தையும் தொடாது, அதனால் தனித் துண்டாகக் கழன்று விழும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னப் பாலம் வரைந்து கொடுத்து, தவறுக்கு முட்டுக் கொடுக்கிற வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள்.

ஜோன்ஸை இரண்டாக உடைப்பது

எஸ், எக்ஸ், இஸட், எஸ்-எச், சி-எச் என்று முடியும் பெயருக்குப் பன்மையில் இ-எஸ் சேரும். ஜோன்ஸ் “ஜோன்ஸஸ்” ஆகும், தாமஸ் “தாமஸஸ்”, லோபஸ் “லோபஸஸ்”. அக்கம்பக்கத்தாரைப் பார்த்துப் போட்டிக்கு வாழ்வதைக் குறிக்கும் “கீப்பிங் அப் வித் தி ஜோன்ஸஸ்” என்ற சொல்வழக்கு, 1913-இல் தொடங்கிய ஓர் அமெரிக்கச் செய்தித்தாள் சித்திரத் தொடரின் தலைப்பாகவே இருந்தது. அதிலும் குறி இல்லை. ஆனாலும் பலகையில் “தி ஜோன்’ஸ்” வருகிறது. எஸ் பெயரின் உறுப்பு. அதற்கு முன் குறியைச் செருகினால் ஜோன் என்ற, அந்தத் தெருவிலேயே இல்லாத ஆள் பிறக்கிறார். தாஸ் குடும்பத்தார் “தாஸஸ்”. பார்க்க விநோதமாகத்தான் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் “தி தாஸ் ஃபேமிலி” என்று போட்டுவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது.

சி-எச் என்று முடிந்தும் ஒலி ‘க்’ ஆனால் எஸ் மட்டும் போதும். இசையமைப்பாளர் பாக் குடும்பம் “பாக்ஸ்”.

பன்மைக்கு உடைமை வேண்டுமென்றால் எஸ்ஸுக்குப் பின் வெறும் குறி: “ஜோன்ஸஸ்’”. இன்னொரு எஸ் வேண்டாம்.

பெயரின் எழுத்தை மாற்றுவது

பொதுச்சொல்லின் விதியைப் பெயருக்கு நீட்டக் கூடாது. கென்னடி குடும்பத்தைச் சொல்லும்போது கடைசி ஒய் அப்படியே நிற்கும். அது ஐ-இ-எஸ் ஆகாது. மூர்த்தி குடும்பத்துக்கும் அதே. வுல்ஃப் குடும்பம் “வுல்ஃப்ஸ்”. எஃப்பை எடுத்துவிட்டு வி போட்டால் ஓநாய்க் கூட்டம். குட்மேன் குடும்பம் “குட்மேன்ஸ்”, “குட்மென்” அல்ல. தூத்துக்குடிக் கடற்கரையில் பரவலான ஃபெர்னாண்டோ, உருளைக்கிழங்குக்கான ஆங்கிலச் சொல்லைப் போல ஓ-வில் முடிந்தாலும் இ சேராது. எஸ் மட்டும்.

ஹாரிஸ் விஷயத்தில் பாதி வழியில் மனம் மாறுவது

எஸ்ஸில் முடியும் பெயர் கொண்ட ஒருவருடைய பொருள் என்றால் இரண்டு வழக்கம் உண்டு. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக்கையேடு (எழுத்து விதிநூல்) வெறும் குறியோடு நிறுத்தும்: “ஹாரிஸ்’”. சிகாகோ நடைக்கையேடு குறியும் எஸ்ஸும் கேட்கும்: “ஹாரிஸ்’ஸ்”. 2024-இல் துளசேந்திரபுரத்தார் தங்கள் பேத்தி என்று கொண்டாடும் கமலா ஹாரிஸ் அதிபர் வேட்பாளராகவும், டிம் வால்ஸ் துணை அதிபர் வேட்பாளராகவும் நின்றபோது, அமெரிக்கச் செய்தி அறைகளில் இது பெரிய சச்சரவானது. வால்ஸ் இஸட்டில் முடிவதால் அசோசியேட்டட் பிரஸ் அவருக்கு மட்டும் எஸ்ஸும் போட்டது. இரண்டில் எது என்பது ருசி சார்ந்தது. ஒரே அழைப்பிதழில் இரண்டும் வருவதுதான் தவறு.

லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்குக் குறிக்குப் பின் எஸ் உண்டு; நியூகாசில் கால்பந்து மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்குக் கிடையாது. இடப்பெயரைத் திருத்தப் போகாதீர்கள்.

கடைப் பலகையைப் பார்த்துக் கற்பது

வேண்டாம். மெக்டொனால்ட்ஸ், செயின்ஸ்பரீஸ் கடைகளுக்குக் குறி உண்டு. ஹாரட்ஸுக்கும் பார்க்ளேஸுக்கும் இல்லை. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் கைவிட்டது. லண்டன் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸில் இருக்கிறது, அதே பெயருள்ள வங்கியில் இல்லை. இவை வணிக முடிவுகள், இலக்கணம் அல்ல. அரசு வரைபடமும் துணைக்கு வராது: அமெரிக்காவின் புவியியல் பெயர் வாரியம் 1890-இல் தொடங்கிய நாளிலிருந்தே உடைமைக் குறியைத் தவிர்த்து வருகிறது. மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு மட்டும் 1933-இல் விலக்குக் கொடுத்தது. அதன் பிறகும் விலக்குப் பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

பெயரிலேயே குறி இருந்தால்

டி’சூசா குடும்பம் “டி’சூசாஸ்”. ஒரு குறி பெயரோடு பிறந்தது. பன்மைக்கு இரண்டாவது வேண்டாம். கடவுச்சீட்டின் கீழே இயந்திரம் படிக்கும் வரிகளில் அந்தக் குறியும் இருக்காது. அதைப் பிழை என்று எண்ணி அலைய வேண்டாம்.

குறியின் முகம்

9 போல் வளைய வேண்டும். 6 போல் இருந்தால் அது மேற்கோளின் தொடக்கம்.

இல்லாத குடும்பப் பெயரைப் பன்மையாக்குவது

வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் தனியாக வரும் சிக்கல் இது. கணவர் கார்த்திக் ராமன். ராமன் அவருடைய அப்பா பெயர். மனைவி பிரியா கார்த்திக், குழந்தைகளுக்கும் கடைசிப் பெயர் கார்த்திக். “தி ராமன்ஸ்” என்று பலகை செய்தால் அதில் கணவர் மட்டும் இருக்கிறார், பன்மையே பொய். “தி கார்த்திக்ஸ்” என்றால் அவரைத் தவிர மற்ற எல்லோரும் இருக்கிறார்கள். இங்கே எஸ்ஸைத் தேடாமல் “பிரியா அண்ட் கார்த்திக்” என்று போடுவதே நேர்மை. அவர்களுடைய வீடு என்று சொல்ல வேண்டுமென்றால் இரண்டாவதாக வரும் பெயருக்கு மட்டும் குறி: “பிரியா அண்ட் கார்த்திக்’ஸ் ஹோம்”. இருவருக்கும் தனித்தனியாகக் குறி போட்டால், ஆளுக்கொரு வீடு இருக்கிறது என்று ஊர் படிக்கும்.