மூலிகையின் வேதிப்பொருள் அறிந்து மருந்து செய்யும் முறை

ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், ஒரே அளவு தண்ணீர் என்று எல்லா மூலிகைகளையும் ஒரே விதமாகக் கொதிக்க வைப்பதுதான் இன்று பல வீடுகளில் நடக்கிறது. சித்த மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. சாறு, குடிநீர் (கஷாயம்), ஊறல், கற்கம் (அரைத்த விழுது), சூரணம் (பொடி), நெய், எண்ணெய் என்று அது மருந்து வடிவங்களைத் தனித்தனியாகப் பிரித்து, இன்ன செடிக்கு இன்ன வடிவம் என்று வகுத்திருக்கிறது. செடியின் வேதியியலைச் சிறிது தெரிந்துகொண்டால் அந்தப் பிரிவினைக்கான காரணம் விளங்கிவிடும். எந்தப் பொருள் நீரில் கரையும், எது கொழுப்பில் மட்டும் கரையும், எது ஆவியோடு பறந்துபோகும், எது சூட்டில் சிதையும் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்தவரே மூலிகையை வீணாக்காமல் பயன்படுத்த முடியும் என்பது என் உறுதியான கருத்து. அந்த விடைகளைக் கொண்டு, செடியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து மருந்தை வடிகட்டுவது வரை என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

செடியைச் சரியாக அடையாளம் காணுதல்

செடி தவறினால் அதன் பிறகு செய்யும் எதுவும் பயன்படாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில், சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்துச் செடியின் வேர் கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் பல பெண்களின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது. பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர்க் கரிசல் காடுகளில் வளரும் ஆடுதீண்டாப்பாளை அதே இனத்தைச் சேர்ந்தது என்பதால், இதை எங்கோ நடந்த கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். இலைக்கொத்தின் அடிப்பக்கம் காய்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்த உடனேயே பறித்துவிடுகிறோம். ஆனால் அதே தோற்றத்தில், தண்டில் செம்மை படர்ந்து, காம்பில்லாத சொரசொரப்பான காய்களுடன் இன்னொரு செடியும் வயல் வரப்புகளில் உண்டு. ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்னும் லிக்னான் வகைப் பொருள்கள் நிறைந்திருப்பது, சிறு காம்போடு வழுவழுப்பான காய் காய்க்கும் கீழாநெல்லியில்தான். தண்டைக் கிள்ளிப் பார்த்தால் அதில் பால் வராது. பால் வந்தால் கையிலிருப்பது அம்மான் பச்சரிசி போன்ற வேறு செடி. பூவும் காயும் இல்லாத பருவத்தில் அடையாளம் காண்பது கடினம் என்பதால், புதிதாகக் கற்பவர்கள் பூக்கும் பருவம் வரை காத்திருப்பது நல்லது.

பறித்தலும் உலர்த்துதலும்

நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு செடியின் எல்லாப் பகுதிகளிலும் இருந்தாலும், இலையில்தான் அதிகம். அதுவும் செடி பூக்கத் தொடங்கும் காலத்தில் மிகுந்திருக்கும். கடையில் வாங்கும் நிலவேம்புப் பொட்டலத்தில் தண்டுக் குச்சிகளே நிறைந்து இலை குறைந்திருந்தால், அதே எடையில் மருந்துப் பொருள் குறைவாகவே கிடைக்கும். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

துளசி, கற்பூரவல்லி, புதினா போன்ற மணமுள்ள இலைகளை வெயிலில் காயவைக்கக் கூடாது. துளசியின் யூஜினால், கற்பூரவல்லியின் கார்வக்ரால் ஆகியவை ஆவியாகும் எண்ணெய்கள். வெயிலில் உலர்த்தும்போது முற்றம் முழுவதும் மணக்கிறதென்றால் மருந்து இலையை விட்டுப் போகிறது என்று பொருள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், மெல்லிய அடுக்காகப் பரப்பி, இலையை நொறுக்கினால் சலசலவென உடையும் வரை உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் அடைத்துவைக்க வேண்டும்.

உலர்த்துவது சில பொருள்களை மாற்றவும் செய்யும். பச்சை இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால், இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது நீர் நீங்கி ஓரளவு ஷோகாலாக மாறுகிறது. ஷோகாலின் காரம் இன்னும் கூடுதல். இஞ்சியும் சுக்கும் ஒரே கிழங்குதான் என்றாலும் மருந்து முறைகளில் அவை இரண்டு சரக்குகளாகவே எண்ணப்படுவதில் இந்த மாற்றத்தின் சாயலைக் காண்கிறேன். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது வழக்கு. சுக்கின் மேல்தோலைச் சீவியும், கடுக்காயின் உள்ளிருக்கும் கொட்டையை நீக்கியும்தான் பயன்படுத்த வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

ஆய்வகம் இல்லாமலேயே சில வேதிப்பொருள் குடும்பங்களை நாம் கண்ணால் காண முடியும். பூந்திக்கொட்டை அல்லது சீயக்காயைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு புட்டியில் ஊற்றி நன்றாகக் குலுக்கினால் எழும் நுரை சில நிமிடங்கள் கலையாமல் நிற்கும். அது சப்போனின், அதாவது நுரை எழுப்பும் பொருள். கடுக்காய் ஊறிய நீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டுவைத்தால் நீர் கருநீலமாகிவிடும். அது டானின், அதாவது துவர்ப்புப் பொருள், இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலாவை இரும்புச் சட்டியில் காய்ச்சக் கூடாது என்பதற்கு இந்தக் கருமையே சாட்சி. மண்பாண்டமோ எவர்சில்வர் பாத்திரமோ போதும். மூன்றாவது சோதனையை நாம் எல்லோரும் ஏற்கெனவே செய்திருக்கிறோம்: ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது, சுண்ணாம்பின் காரத்தன்மையில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நிறம் மாறுவதால்தான்.

இந்தச் சோதனைகள் பொருளின் குடும்பத்தை மட்டுமே காட்டும். எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதையோ, குடிக்கத் தக்கதா என்பதையோ அவை சொல்லா.

பொருளுக்கு ஏற்ற வடிவம்

மணமுள்ள இலைகளுக்குக் கொதி தேவையில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகு இலையைப் போட்டு, உடனே மூடி, பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்ட வேண்டும். மூடியின் உட்புறம் திரளும் துளிகளையும் பாத்திரத்திலேயே விழச் செய்வது நல்லது. பறக்க முயன்ற எண்ணெய் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் பாட்டி கற்பூரவல்லி இலையைத் தணலில் லேசாக வாட்டிச் சாறு பிழிவார். வாட்டும்போது இலையின் திசு தளர்ந்து சாறு எளிதில் இறங்கும். கருகும் அளவுக்கு வாட்டினால் எண்ணெய் போய்விடும். அந்த நொடிக் கணக்கை அவர் கைப்பக்குவமாகவே அறிந்திருந்தார்.

ஆடாதோடை வேறு வகை. அதன் மருந்துப் பொருளான வாசிசின் ஓர் அல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் கொண்ட தாவரப் பொருள். அல்கலாய்டுகள் செடிக்குள் பெரும்பாலும் கரிம அமிலங்களோடு உப்பு வடிவில் இருப்பதால் சுடுநீர் அவற்றை நன்றாக இழுத்துக்கொள்ளும். ஆகவே குடிநீர் முறை இதற்குப் பொருந்துகிறது. தடித்த அந்த இலையை அப்படியே இடித்தால் சாறு அதிகம் கிடைக்காது என்பதால், பிட்டுபோல ஆவியில் அவித்துப் பிழிவதும் பழைய முறை. வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு 1960களில் உருவாக்கப்பட்டதே இருமல் மருந்துகளில் இன்றும் இருக்கும் புரோம்ஹெக்சின்; சளியை இளக்கும் அம்ப்ராக்சால் அதன் வழி வந்தது. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் கொண்டதால் கருவுற்ற பெண்கள் ஆடாதோடையை உட்கொள்ளக் கூடாது.

கீழாநெல்லியின் லிக்னான்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. கொதிக்கவைத்துச் சக்கையை எறிந்துவிட்டால் அவற்றில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். செடியை முழுதாக அரைத்து, கற்கமாக மோரிலோ பாலிலோ கலக்கிக் கொடுக்கும் வழக்கத்தில் எதுவும் எறியப்படுவதில்லை. இந்த ஒப்பீட்டை நான் முதன்முதலில் உணர்ந்தபோது, வழக்கத்தின் மேல் எனக்கிருந்த மரியாதை கூடியது. ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மஞ்சள் காமாலை என்பது ஒரே நோயன்று. வைரஸ் தொற்றாலும், பித்தக் குழாயில் கல் அடைப்பதாலும், மருந்துகளின் பக்க விளைவாலும் அது வரலாம். இரத்தப் பரிசோதனை செய்து காரணத்தை அறியாமல் கீழாநெல்லியை மட்டும் நம்பி நாள்களைக் கடத்துவது ஆபத்து.

மஞ்சளும் இதே வகையைச் சேர்ந்தது. குர்குமின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். குடலிலிருந்து இரத்தத்திற்குச் சேர்வதும் மிகக் குறைவு. 1998இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபரின் சேர்த்துக் கொடுத்தபோது, மனிதர்களில் அது இரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. பைபரின் என்பது மிளகின் காரப் பொருள். கொழுப்பு நீக்காத பாலில் மஞ்சளும் மிளகுத்தூளும் சேர்த்துக் காய்ச்சும் நம் வழக்கத்தில் இவை எல்லாம் அடங்கிவிடுகின்றன. வெறும் தண்ணீரில் மஞ்சளைக் கலக்கிக் குடிப்பதில் அந்தப் பயன் குறைவு.

பூண்டுக்கு நேரம் முக்கியம். அதன் மருந்துப் பொருளான அல்லிசின் முழுப் பல்லில் இல்லை. நசுக்கும்போதுதான் அலினேஸ் என்ற நொதி, பல்லில் உள்ள அலின் என்ற பொருளோடு கலந்து அதை உண்டாக்குகிறது; நொதி சூட்டில் அழிந்துவிடும். ஆகவே நசுக்கி ஏறத்தாழ பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகே சூடாக்க வேண்டும்.

சூடு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் வரலாற்றை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சீன அறிவியலாளர் தூ யூயூ, ஆர்டிமிசினினைத் தரும் செடியிலிருந்து எடுத்த சாரம் நிலையான பலன் தராமல் தவித்தபோது, நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் அச்செடியைக் கொதிக்கவைக்கச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்தார். கொதிநிலை குறைந்த ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு 1971இல் சாரம் எடுத்தபோது பலன் கிடைத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. பழைய குறிப்பு ஒன்றில் செடியின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுச் செய்முறையைத் தவறவிடுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

குடிநீர் காய்ச்சுதல்

குடிநீருக்குச் சரக்கு கரகரப்பான பொடியாக இருக்க வேண்டும். மிக நுண்ணிய தூளானால் மாவுப்பொருள் குழைந்து கூழாகி, வடிகட்ட முடியாமல் போகும். 5 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர் என்ற அளவில் எடுத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு சிறு தீயில் 60 மில்லியாக, அதாவது நாலில் ஒன்றாக, வற்றும் வரை காய்ச்ச வேண்டும். பெருந்தீயில் தண்ணீர் விரைவில் வற்றுமே தவிரச் சாரம் இறங்க நேரம் இராது. கண் மதிப்பாக வற்ற வைப்பதைவிட, முதலில் 60 மில்லி தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி அதன் உயரத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு தொடங்குவது துல்லியமானது. வெள்ளைத் துணியில் வடிகட்டி, சக்கையைப் பிழிந்து, வெதுவெதுப்பாகக் குடிக்கலாம்.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகள் உண்டு. ஆண்ட்ரோகிராபோலைடு குளிர்ந்த நீரில் அதிகம் கரையாது என்பதால் இதனை ஊறவைத்து மட்டும் குடிப்பது சரியாகாது, காய்ச்சத்தான் வேண்டும். இதில் மணச் சரக்குகளும் இருக்கின்றனவே, அவற்றைக் கடைசியில் சேர்க்கலாமா என்று கேட்கக்கூடும். நாமாக ஒரே மூலிகையைக் கொண்டு செய்யும்போது அந்த மாற்றம் சரி. வகுக்கப்பட்ட கூட்டு மருந்தில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. இதையும் கருவுற்றவர்கள் தவிர்க்க வேண்டும்.

காய்ச்சியதை எத்தனை நேரம் வைத்திருக்கலாம் என்பதற்குச் சித்த மருத்துவம் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. சாறு, குடிநீர், கற்கம் ஆகியவற்றின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்தின் ஆயுள் மூன்று மாதம். காலையில் காய்ச்சியதை மாலையில் சூடாக்கிக் குடிப்பது இந்தக் கணக்குக்கு முரணானது.

வீட்டில் தொடக்கூடாதவை

நித்தியகல்யாணியின் பூவையும் இலையையும் சர்க்கரை நோய்க்கென்று காய்ச்சிக் குடிப்பவர்கள் உண்டு. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் அந்தச் செடியிலிருந்துதான் பிரித்தெடுக்கப்படுகின்றன. செல் பிரிவதையே தடுக்கும் பொருள்கள் அவை. செங்காந்தள் கிழங்கில் உள்ள கால்கிசின் சிறு அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் காரணமாக அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. கைக்குழந்தைகளுக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பதையும், வேப்பெண்ணெய் புகட்டுவதையும் நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பாதுகாப்பானவை என்று நினைப்பவற்றிலும் கவனம் வேண்டும். இருமலுக்கு ஆடாதோடையோடு சேர்க்கப்படும் அதிமதுரத்தின் இனிப்பு, கிளைசிரைசின் என்ற பொருளால் வருவது. அதைத் தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதிமதுரத்தை நீக்கிவிட்டுக் காய்ச்ச வேண்டும். பைபரின் குர்குமினை மட்டும் இரத்தத்தில் ஏற்றுவதில்லை. வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளையும் கூடுதலாக ஏற்றும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் பூண்டையும் மஞ்சளையும் மருந்தளவில் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

குடித்த பிறகு வாந்தி, தடிப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது எஞ்சிய குடிநீரையும், மருந்துப் பொட்டலத்தையும், பறித்த செடியின் பூவோடு கூடிய ஒரு கிளையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பொருள் உடலுக்குள் போயிருக்கிறது என்பதை மருத்துவர் விரைவில் அறிய அவை உதவும்.