ஓக்கன் விதியை நாடு விட்டு நாடு பொருத்தும்போது நேரும் தவறுகள்

ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, வளர்வதற்கும் வேலையின்மைக்கும் உள்ள தொடர்பைச் சொல்வது ஓக்கன் விதி. "ஜிடிபி 2% வளர்ந்தால் வேலையின்மை 1 புள்ளி குறையும்" என்று அதைச் சுருக்குவதிலேயே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. பொருளியலாளர் ஆர்தர் ஓக்கன் 1962இல் அதைக் கணித்தது அமெரிக்கத் தரவுகளை வைத்து. மேலும், பார்க்க வேண்டியது மொத்த வளர்ச்சியை அல்ல. வழக்கமான வேகத்தைவிட அது எவ்வளவு கூடியது, குறைந்தது என்பதைத்தான். ஆண்டுதோறும் புதியவர்கள் வேலை தேடி வருகிறார்கள், ஒருவர் செய்யும் உற்பத்தியும் உயர்கிறது. இவற்றை ஈடுகட்டவே 2.5% வளர்ச்சி தேவை என்று வைத்துக்கொள்வோம். வளர்ச்சி இந்த அளவிலிருந்து ஒரு புள்ளி விலகினால் வேலையின்மை எத்தனை புள்ளி மாறும் என்பதைச் சொல்லும் எண்தான் குணகம். அது 0.5 என்றால், 1.5% வளர்ந்த ஆண்டில் வேலையின்மை அரைப் புள்ளி ஏறும்.

ஒரு நாட்டின் குணகத்தை இன்னொரு நாட்டுக்கு அப்படியே எடுத்துப் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. 2009ஐப் பாருங்கள். ஜெர்மனியின் ஜிடிபி 5%க்கும் மேல் சரிந்தது. வேலையின்மை அரைப் புள்ளிகூட ஏறவில்லை. ஸ்பெயினில் சரிவு 4%க்கும் குறைவு. வேலையின்மையோ சுமார் 11%இலிருந்து 18%க்குத் தாவியது. ஜெர்மன் நிறுவனங்கள் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைத்தன. இழந்த நிகரச் சம்பளத்தில் 60%ஐ, குழந்தை உள்ளவர்களுக்கு 67%ஐ, அரசின் குறுநேர வேலைத் திட்டம் ஈடுகட்டியது. உச்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். ஸ்பெயினிலோ அப்போது ஊழியர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தார்கள். கட்டுமானத் துறை நின்றதும் அவர்கள்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள். ஆகவே குணகத்தைக் கணிக்கும் முன் ஒப்பந்த முறையையும் சராசரி வேலை நேரத்தையும் பாருங்கள்.

வேலையின்மை விகிதத்தை மட்டும் நம்புவதும் ஏமாற்றும். இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே அது 2017-18இல் 6%, 2023-24இல் 3.2%. அதே காலத்தில் சுயதொழிலில் இருப்போரின் பங்கு 52%இலிருந்து 58%ஆக உயர்ந்தது. குடும்ப நிலத்திலோ கடையிலோ கூலியின்றி உதவுபவரும் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவரே. உதவித்தொகை இல்லாத ஏழைக்குச் சும்மா இருக்க வசதியில்லை; அதனால் நெருக்கடி வேலையின்மையாகத் தெரியாது, குறைந்த கூலியாகத் தெரியும். இத்தகைய நாடுகளில் மாதச் சம்பளக்காரர்களின் பங்கையும் விலைவாசி உயர்வைக் கழித்த உண்மைக் கூலியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஜிடிபியும் ஏமாற்றும். அயர்லாந்தில் 2015இல் அது ஏறக்குறைய 25% கூடியது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்கே மாற்றியதே முக்கியக் காரணம். அந்த எண்ணை அப்படியே சமன்பாட்டில் போட்டால் குணகம் பொருளிழந்துவிடும். அயர்லாந்துக்கு, இந்தப் பாதிப்புகளை நீக்கிய மொத்த தேசிய வருமானத்தை எடுங்கள்.