கொறங்காட்டு முள்ளெலியும் பனியுகமும்: எங்கே தவறுகிறோம்?

பனியுகம் என்றதும் ஆனைமலை உச்சியெல்லாம் பனிப்பாறை மூடிக் கிடந்ததாக நினைத்துக்கொள்கிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவைப் பனிப்படலம் மூடியிருந்தபோது, நம் மலைகளுக்கு வந்தது வறட்சி. பருவமழை தளர்ந்து, புல்வெளி விரிந்தது. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்து சூழலியல் அறிஞர் ராமன் சுகுமார் குழுவினர் 1993-ல் இதைக் காட்டினார்கள். மரமும் வெப்பநிலப் புல்லும் மக்கும்போது மண்ணில் விட்டுப்போகும் கார்பனின் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள்) விகிதம் வேறு வேறு. அந்தக் காலத்து அடுக்கில் புல்லின் கைதான் ஓங்கியிருந்தது.

இரண்டாவது தவறுதான் என்னை ரொம்பவே வருத்துகிறது. ஐரோப்பிய முள்ளெலிகள் ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பக்கம் ஒதுங்கிப் பிழைத்து, பனி விலகியதும் வடக்கே பரவின. மூன்று இடத்து வம்சங்களும் இன்றும் மரபணுவில் தனித்தனியே தெரிகின்றன. அழகான கதைதான். ஆனால் அதை அப்படியே எடுத்து நம் முள்ளெலிக்குப் பொருத்தக் கூடாது. நம்முடையது தென்னிந்தியாவுக்கே உரியது, வறண்ட நிலத்துப் பிராணி. (பெயரில்தான் எலி, உறவு மூஞ்சூறோடு.) காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கிளுவை வேலிக் கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை) நினைத்துப் பாருங்கள்: கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும். மழை குறைந்து அப்படிப்பட்ட நிலம் விரிந்த காலம் அதற்கு ஒடுங்கிய காலமாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஈரமான சோலையை நம்பிய மலைப்பிராணிகளுக்கோ நிலைமை நேர்மாறு. ஒரே வறட்சி ஒன்றைத் துண்டு துண்டாக்கும், இன்னொன்றுக்கு வழி திறந்துவிடும். எந்தப் பிராணி, எந்த வாழிடம் என்று கேட்காமல் கணக்குப் போடவே கூடாது.

பாலக்காட்டுக் கணவாயிலும் இதே குழப்பம். இருபுற யானைகளுக்கு மரபணு வேறுபாடு உண்டு என்பது ஆய்வில் தெரிந்ததுதான். ஆனால் கணவாய் பனியுகங்களைவிடக் கோடிக்கணக்கான ஆண்டுகள் மூத்தது. எந்தப் பிரிவைக் கண்டாலும் பனியுகத்தின் தலையில் கட்டிவிட முடியாது. மலைக்காட்டுப் பிராணிக்குச் சுவராக நிற்கும் அந்த முப்பது நாற்பது கிலோமீட்டர், சமவெளிப் பிராணிக்கு நடைபாதையாகவும் இருக்கலாம்.

மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) மரபணுவை மட்டும் பார்த்து முடிவு சொல்வதும் ஆகாது. அது தாய்வழிக் கதை மட்டுமே. ஆண் பிராணிகள் எங்கே அலைந்தன என்பது அதில் வராது. மரபணு வேற்றுமை குறைந்திருந்தால் உடனே 20,000 ஆண்டு பின்னால் ஓடுவதும் சரியல்ல. கொறங்காட்டை உழுது மனை போட்ட நேற்றைய மாற்றமும் காரணமாகலாம். சிறு பிராணிகள் தொலைதூரம் போகாது, தலைமுறையும் சீக்கிரம் மாறும். அதனால் பழைய தடம், புதிய தடம் இரண்டுமே அவற்றில் ஆழமாகப் பதியும்.

கடைசியாக ஒன்று. முள்ளெலியின் முள்ளை மருந்தென்று எடுத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அதை வாங்கி ஆய்வுக்குக் கொடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். எந்த ஊர், எந்தக் காடு, எந்த வருசம் என்று தெரியாத முள்ளால் நிலத்தின் வரலாற்றைச் சொல்ல முடியாது. சாலையில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால், முதலில் இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.