ஏ.டி.எச்.டி. உள்ள பெண் தாயாகும்போது வீட்டார் செய்ய வேண்டியவை

ஏ.டி.எச்.டி. (கவனத்தை நிலைநிறுத்துவதும் திட்டமிடுவதும் கடினமாக இருக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு) உள்ள கர்ப்பிணியிடம் "மறக்காம மாத்திரை போடும்மா" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு அக்கறை நிறையவே இருக்கிறது. ஆனால் மாத்திரை டப்பாவை எடுக்கப் போகும் வழியில் குக்கர் விசில் அடித்தால் அந்த நினைப்பு கலைந்துவிடும், கலைந்தது தானாகத் திரும்பி வராது. நேரம் ஓடுவதும் அவருக்கு உள்ளுக்குள் உறைப்பதில்லை. ஆகவே நினைவு வைத்துக்கொள்ளும் வேலையை அவர் தலையிலிருந்து இறக்கி, சுவரிலும் டப்பாவிலும் இன்னொருவர் கையிலும் வைப்பதுதான் உதவி. கணவர், அம்மா, மாமியார் என்று யார் உதவப் போனாலும் இங்கிருந்து தொடங்குங்கள். டாக்டர் இன்னும் ஏ.டி.எச்.டி. என்று உறுதி செய்யாத பெண்களுக்கும் கீழே உள்ள ஏற்பாடுகள் பொருந்தும்.

எல்லாவற்றையும் ஏழாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறிக்கொண்டே போகும். கவனத்துக்கு வேண்டிய டோபமைன் என்ற மூளை ரசாயனம் சரியாக வேலை செய்ய அது துணை நிற்பதால், சிலருக்கு நடு மாதங்களில் தலை தெளிவாகக்கூட இருக்கும். பிரசவமான சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன் சடாரென்று இறங்கும். தூக்கம் கெடுவதும் அதே நாட்களில்தான். அப்போது உட்கார்ந்து திட்டம் போட அவரால் முடியாது.

மருந்து

ஏ.டி.எச்.டி.க்கு மெத்தில்பெனிடேட் அல்லது அடோமாக்செட்டின் சாப்பிட்டு வந்தவர், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயத்தில் தானாக நிறுத்திவிடக் கூடாது. கேட்காமல் தொடரவும் கூடாது. அந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்க்கட்டும். முதல் மூன்று மாதங்களில் மெத்தில்பெனிடேட் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில், ஆயிரத்துக்கு சுமார் 3 பேருக்கு இதயக் குறைபாடு கூடுதலாக இருந்ததாகப் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. மருந்து இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டுவதிலும் வேலையிலும் மனநிலையிலும் வரும் ஆபத்தை மறுதட்டில் வைத்து மருத்துவர் முடிவு செய்வார். மருந்து தொடர்ந்தால் ஒவ்வொரு செக்கப்பிலும் ரத்த அழுத்தத்தையும் எடையையும் கட்டாயம் பாருங்கள். மெத்தில்பெனிடேட் அழுத்தத்தை ஏற்றும், பசியைக் குறைக்கும். பசி தெரியாததால் மதியச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு எதிரில் வைக்க வேண்டியிருக்கும்.

பால் கொடுக்கும் காலத்தில் மெத்தில்பெனிடேட் தாய்ப்பாலில் சேர்வது மிகக் குறைவு. உடல் எடைக் கணக்கில் பார்த்தால் குழந்தைக்குப் போவது தாயின் டோஸில் 1 சதவீதத்துக்கும் கீழே. டாக்டர் சம்மதித்தால் ஒரு வேளைப் பால் கொடுத்து முடித்ததும் மாத்திரை போடலாம். குழந்தை சரியாகத் தூங்குகிறதா, எடை ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

இரும்புச்சத்தும் கால்சியமும்

மிக அதிகமாகக் குளறுபடி ஆவது இங்கேதான். இரும்புச்சத்து மாத்திரையை கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் போட வேண்டும். கால்சியம் நாளுக்கு இரண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடலில் சரியாகச் சேராது, குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். காபி, டீயோடும் இரும்பு ஆகாது. ஏ.டி.எச்.டி. உள்ளவர் "எல்லாத்தையும் ஒரே வாயில போட்டு முடிச்சிடலாம்" என்று நினைப்பது இயல்பு.

மருந்துக்கடையில் ஏழு நாள் கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி கிடைக்கும். இரண்டு நிறத்தில் இரண்டு வாங்குங்கள். கால்சியம் பெட்டி சாப்பாட்டு மேஜையில், காலை உணவுத் தட்டு வைக்கும் இடத்தில் இருக்கட்டும். இரண்டாவது கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. இரும்புப் பெட்டி கட்டில் தலைமாட்டில், தண்ணீர் பாட்டிலோடு. மூடியுள்ள அலமாரிக்குள் வைத்தால் கதை முடிந்தது. கண்ணில் படாத பொருள் அவருக்கு இல்லாத பொருள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நிரப்புவது உங்கள் வேலை. கட்டம் காலியா என்று பார்த்தாலே தெரிந்துவிடும், "போட்டியா, போட்டியா" என்று கேட்க வேண்டாம்.

ஸ்கேனும் செக்கப்பும்

சில பரிசோதனைகளுக்கு நாள் தவறினால் மறுவாய்ப்பு இல்லை. முதல் ஸ்கேன் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள். உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள். காலண்டரில் ஸ்கேன் நேரத்தை எழுதாமல் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை எழுதுங்கள். 10 மணி ஸ்கேனுக்கு "8.45 செருப்பு" என்று எழுதினால் அவர் கிளம்பிவிடுவார். "10 மணி ஸ்கேன்" என்று எழுதினால் பத்து மணிக்குத்தான் குளிக்கப் போவார்.

பதிவு அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் எல்லாம் ஒரே துணிப்பையில், வாசல் ஆணியில் தொங்கட்டும். கர்ப்பத்தை அரசில் பதிவு செய்ததும் கிடைக்கும் பிக்மி எண்ணையும் அட்டையின் படத்தையும் இரண்டு பேர் போனில் வைத்திருங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அந்த எண் வேண்டும்.

வளைகாப்புக்குப் பின் தாய்வீடு போவதில் ஒரு சிக்கல் உண்டு. இத்தனை நாள் பழகிய ஆணி, மேஜை, தலைமாடு எல்லாம் மாறிவிடும். முதல் வாரம் மாத்திரை விடுபடுவது இதனால்தான். மகள் வரும் முன்பே அம்மா வீட்டில் அதே பெட்டிகளை, அதே மாதிரி இடங்களில் வைத்துவிடுங்கள்.

பிரசவத்துக்குப் பின்

முதலில் தூக்கம். தூக்கம் கெட்டால் ஏ.டி.எச்.டி. இரண்டு பங்காகத் தெரியும். தினமும் ஒரே மூச்சில் 4 மணி நேரமாவது அவர் தூங்க வேண்டும். இரவு 9 மணிக்குப் பால் கொடுத்ததும் அடுத்த அறையில் படுக்கட்டும். 1.30 வரை குழந்தை உங்கள் பொறுப்பு. பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்த பாலை 24 மணி நேரத்துக்குள் பாலாடையில் புகட்டலாம். பால் சரியாக ஊறாத ஆரம்ப வாரங்களில் குழந்தையை அவரிடம் கொண்டுபோய்ப் பால் குடிக்க வைத்து, முடியும்வரை பக்கத்திலேயே இருந்து தூக்கிவந்துவிடுங்கள். ஏப்பம் விடவைப்பதும் துணி மாற்றுவதும் உங்கள் வேலை.

எந்தப் பக்கம் கடைசியாகக் கொடுத்தார் என்பது மறந்துபோகும். ஒரு ரப்பர் வளையத்தை அந்தப் பக்கத்துக் கையில் மாட்டச் சொல்லுங்கள், போதும். சுவரில் ஒரு தாள், கயிற்றில் கட்டிய பேனா. பால், சிறுநீர், மலம் மூன்றுக்கும் கோடு போட்டால் போதும். பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளில் சிறுநீர்க் கோடு ஆறுக்குக் குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்துச் சொட்டு மிகவும் கவனம் வேண்டிய இடம். குழந்தைக்கான பாரசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 தான். அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு வீரியம். இரண்டு பாட்டிலும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. டாக்டர் சொன்ன அளவில், மருந்தை உறிஞ்சிக் கொடுக்கும் பில்லரில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். கொடுத்த உடனே நேரத்தைத் தாளில் எழுத வேண்டும். "கொடுத்தேனா இல்லையா" என்று சந்தேகம் வந்தால், தாளில் பார்க்காமல் மறுபடி கொடுக்கக் கூடாது.

தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில். வாரக் கணக்கை அவர் தலையில் போடாமல், குழந்தை பிறந்த அன்றே மூன்று தேதிகளையும் எண்ணிக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

"என்ன உதவி வேணும்னு சொல்லு" என்பதுகூட அவருக்கு ஒரு வேலைதான். எது வேண்டும் என்று யோசித்து, வரிசைப்படுத்தி, ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைத் துணி உங்கள் பொறுப்பு என்றால் ஊறவைப்பது, காயப்போடுவது, மடிப்பது, சோப்பு தீர்ந்ததைக் கவனிப்பது வரை உங்களுடையது. பார்க்க வருகிறவர்களை மாலை 5 முதல் 6 வரை மட்டும் வரச் சொல்லுங்கள். நாள் முழுக்கக் குழந்தையின் அழுகையும் டி.வி. சத்தமும் நாலு பேர் அறிவுரையும் சேர்ந்தால் அவருக்குத் தலை வெடித்துவிடும். "பொறுப்பே இல்ல" என்ற சொல்லை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்திருப்பார்.

ஸ்வீடனில் 2023-ல் வெளியான ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகம் பதிவாகியிருந்தது. மனச்சோர்வை மறதி என்றும் சோம்பல் என்றும் நினைத்துக் கடந்துவிடுவதுதான் இதில் நடக்கும் தவறு. ஆறாவது வாரச் செக்கப்பில் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாளைக் கேளுங்கள். 10 கேள்விதான், தமிழிலும் உண்டு. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்தும் நினைப்பு பற்றியது. அதற்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். குழந்தை தூங்கும்போதும் கண் மூடாமல் இருப்பது, இல்லாத குரல் கேட்பது, வீட்டாரையே சந்தேகப்படுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416 இரவு பகலாக, தமிழிலும் பேசும். அவசரத்துக்கு 108.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போது எல்லாம் மறுபடி கலையும். சுவர்த்தாள், பெட்டிகள், வாசல் ஆணிப் பை எல்லாம் குழந்தைக்கு முன்பாக ஒரு நாள் அங்கே போய்ச் சேரட்டும். இரவு 9 முதல் 1.30 வரை இனி யார் முறை என்பதையும் கிளம்பும் முன்பே பேசி எழுதி ஒட்டிவிடுங்கள்.