வன்னி வீடுகளில் சுவிசேஷம் சொல்லப் போகிறவர்களுக்கு

2009இல் போர் முடிந்த பிறகு இலங்கையின் வன்னியில் ஒவ்வொரு வீட்டுப் படலைக்கும் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். கணக்கெடுத்தவர்கள், படிவம் நிரப்பியவர்கள், படம் பிடித்தவர்கள், நுண்கடன் கொடுத்தவர்கள், பிறகு அதை அறவிட வந்தவர்கள். தோளில் பையோடு நீங்கள் போய் நின்றால் இன்னொருவர் வந்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். எல்லாரும் கேள்வி கேட்டார்கள், பதிலை முழுதாகக் கேட்டவர்கள் குறைவு. அதனால் இங்கே சுவிசேஷம் சொல்லப் போகிறவருக்கு முதலில் வேண்டியது காது.

நேரம் பார்த்துப் போங்கள். காலபோக விதைப்பு நாட்களிலும் தை, மாசி அறுவெட்டிலும் பகலில் போனால் வயல்காரருக்கு நின்று கதைக்க நேரமிராது. பின்னேரம் நான்கு மணிக்குப் போய், விளக்கு வைக்கும் முன் எழும்பிவிடுங்கள். குழுக்கடன் தவணை கட்டும் நாள் எதுவென்று விசாரித்து அந்த நாளைத் தவிருங்கள். ஊர்க் கோயில் திருவிழா, கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதம், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் ஆகிய நாட்களில் போனால் வீம்புக்கு வந்ததாகவே எடுப்பார்கள். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 வரும் வாரத்தில், நினைவுக் கஞ்சி காய்ச்சும் இடத்துக்குப் போனால் விறகு எடுத்துக் கொடுங்கள், தண்ணீர் அள்ளிக் கொடுங்கள். துண்டுப்பிரசுரத்தை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.

இயேசு தம் சீடரை இருவர் இருவராக அனுப்பினார் (லூக்கா 10:1). நீங்களும் இருவராகவே போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக, முடிந்தால் வயதானவராக இருக்கட்டும். பெண்களே தனியாக நடத்தும் குடும்பங்கள் இங்கே அதிகம். அங்கே ஆண்கள் இருவர் போய் இருந்தால் அதன் பலாபலனை அந்தப் பெண்தான் அனுபவிக்க வேண்டிவரும். படலையில் நின்று கூப்பிட்டு, நாயைப் பிடிக்கும்வரை பொறுங்கள். உள்ளே வரச் சொன்னாலும் முற்றத்து மரநிழலில், ரோட்டுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பதே நல்லது. பிளேன்ரீ தந்தால் குடித்துவிடுங்கள். வேண்டாம் என்றால் சாதி பார்ப்பதாக நினைப்பார்கள், அந்தக் காயம் இலேசில் ஆறாது. அம்மா, அக்கா, ஐயா, தம்பி என்றே கூப்பிடுங்கள். ‘சகோதரி’ என்று ஊரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

முதல் நாள் வேதாகமம் பைக்குள்ளேயே இருக்கட்டும். பயிர், பிள்ளைகளின் படிப்பு, சொந்த ஊர் எது என்று கதையுங்கள். இடப்பெயர்வுக் கதையை நீங்களாகத் தோண்ட வேண்டாம். அவர்களே தொடங்கினால் இடையில் வெட்டாதீர்கள், ‘ஆனால் ஆண்டவர்…’ என்று ஆரம்பிக்காதீர்கள்.

சுவரில் ஒரு இளைஞனின் படம் இருக்கும். அதற்கு மாலை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாலை இல்லாவிட்டால் அந்த வீட்டில் அவன் இறந்தவன் இல்லை, காணாமல் ஆக்கப்பட்டு இன்னும் வீட்டாரால் தேடப்படுகிறவன். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் தாய்மார் போராட்டத்தில் இருந்தது ‘எங்கள் பிள்ளைகள் எங்கே’ என்ற கேள்விக்காகத்தான். அந்தத் தாயிடம் ‘பிள்ளை ஆண்டவரிடம் போய்விட்டான்’ என்று சொன்னால் அவனை நீங்களே சாகடித்தவர் ஆவீர்கள். ‘விசுவாசித்தால் திரும்பி வருவான்’ என்பது அதைவிட மோசம். சாத்திரக்காரர் காசு வாங்கிக்கொண்டு சொல்வதும் அதுதான். தரிசனம் கண்டதாகச் சொல்லும் ஊழியரைத் தயவுசெய்து கூட்டிக்கொண்டு போகாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். அவர்கள் வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. படத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், அடுத்த முறை போகும்போது அந்தப் பெயரை மறக்காமல் சொல்லுங்கள்.

‘உங்கட வேதத்தில் இதுக்கு என்ன சொல்லியிருக்கு?’ என்று அவர்களே ஒருநாள் கேட்பார்கள். 1 பேதுரு 3:15 சொல்வதும் அதைத்தான்: கேட்கிறவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும். நாயீன் ஊர் விதவையின் மகன் உயிரோடு எழும்பிய கதையை முதலில் எடுக்காதீர்கள். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இராது. 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறே வசனம், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளையே கேட்கும் பாட்டு. அடுத்ததாக யோவான் 19இல் தாய் சிலுவையருகே நிற்கும் பகுதி. நோயாளி உள்ள வீட்டில் மாற்கு 5:25-34 பொருந்தும்: பன்னிரண்டு வருடம் வைத்தியருக்குக் காசு கொடுத்து ஓய்ந்த ஒரு பெண்ணின் கதை அது. தொடர்ந்து கேட்க விரும்பினால் மாற்குவையே கிழமைக்கு ஓர் அதிகாரமாக வாசிக்கலாம், பதினாறு கிழமையில் முடியும்.

உங்கள் சாட்சியை மூன்று நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இன்னும் எது தீரவில்லை. கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், கேட்பவர் நம்புவதோ அதை வைத்துத்தான். இரட்சிப்பு, அபிஷேகம், கட்டு அறுந்தது போன்ற சபைப் பேச்சைச் சபையிலேயே வைத்துவிடுங்கள்.

உதவியும் ஜெபமும் ஒரே நாளில் ஒரே கையால் போகக்கூடாது. உலருணவுப் பொதியோடு வேதாகமத்தையும் கொடுத்தால், வாங்கினவள் அரிசிக்காக வேதக்காரி ஆனாள் என்று ஊர் சொல்லும், அவளுக்கே அது உண்மையா என்று சந்தேகம் வரும். உதவுவதானால் சபைக்கு வராத அயல்வீட்டுக்கும் அதே அளவு கொடுங்கள். இலவச ரியூசன் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாட்டும் ஜெபமும் நடத்துவதும் இதே பிழைதான். நோயாளிக்காக ஜெபிக்கலாம். இன்சுலினை நிறுத்தச் சொல்லக்கூடாது, கிளினிக் நாளில் கூட்டம் வைக்கக்கூடாது.

கோயிலைப் பழிக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கத்தோலிக்கரின் மடு மாதா கோயிலைப் பழிப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. மடு மாதாவிடம் சைவக்காரரும் போய் நேர்த்தி வைக்கிறார்கள். 2008 ஏப்ரலில் அந்தச் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்ததையும் இந்தச் சனம் மறக்கவில்லை. அதைச் சிலைவணக்கம் என்று பிரசங்கித்தால் கத்தோலிக்கரோடு சைவரும் சேர்ந்து முகம் திருப்புவார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விரும்பிய சமயத்தைத் தெரிந்தெடுக்கும் சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையில் உண்டு. ஆனால் சமயத்தைப் பரப்பும் உரிமைக்கு அரசியலமைப்பில் உத்தரவாதமில்லை என்று 2003இல் உயர் நீதிமன்றம் சொன்னது. வீட்டு வளவில் கொட்டில் போட்டு ஒலிபெருக்கி கட்டினால் பிரதேச செயலகத்துக்கு முறைப்பாடு போகும், புதிய வழிபாட்டிடங்கள் கட்டுவது பற்றிய 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி அனுமதி எங்கே என்று கேட்பார்கள். ஒலிபெருக்கி இல்லாமல் பத்துப் பேர் பாடினால் அயலுக்குத் தொந்தரவில்லை.

யாராவது ஞானஸ்நானம் கேட்டால் அவசரப்படுத்தாதீர்கள். முதலில் வீட்டாருக்கு அவரே சொல்லட்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் தொடவே வேண்டாம். சாமிப்படத்தை நீங்கள் கழற்றாதீர்கள், பொட்டைப் பற்றியும் தாலியைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூத்த மகன் சபைக்கு வந்தால், தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது யார், எட்டுச் செலவு, அந்தியேட்டி ஆகிய சடங்குகளை யார் செய்வது என்ற கேள்வி எப்படியும் வரும். தகப்பன் சுகமாக இருக்கும்போதே அவரோடு இருந்து கதைத்து ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்கள். செத்தவீட்டு முற்றத்தில் அந்தக் கதை எழும்பினால் நீங்கள் உட்பட எல்லாரும் சண்டைக்குள் நிற்பீர்கள்.