முன்னாள் துணையோடு கூட்டுப் பெயரில் வீடு: மறுமணத்துக்கு முன் செய்ய வேண்டிய பத்திர வேலைகள்

விவாகரத்துத் தீர்ப்பு திருமணத்தைத்தான் முடிக்கும். கிரயப் பத்திரத்தில் இருக்கும் பெயரை அது தொடாது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் வாங்கிய வீடு, தீர்ப்புக்கு மறுநாளும் இருவருக்கும்தான் சொந்தம். இதைச் சரிசெய்யாமல் மறுமணம் செய்துகொண்டால் சிக்கல் புதிதாக வருபவர் தலையிலும், முதல் திருமணத்துப் பிள்ளைகள் தலையிலும் விழும். தமிழ்நாட்டில், இந்து திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

ஓர் உதாரணம். வீட்டில் பாதி கணவருக்கு, பாதி முன்னாள் மனைவிக்கு. கணவர் மறுமணம் செய்துகொண்டு, உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். அவருக்கு அம்மா இருக்கிறார், முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பாதி, புது மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நான்காகப் பிரியும். ஆளுக்கு முழு வீட்டில் எட்டில் ஒரு பங்கு. முன்னாள் மனைவி அவருக்கு வாரிசு அல்ல. ஆனால் பாதி வீடு ஏற்கெனவே அவருடையது, மைனர் பிள்ளைகளின் காப்பாளரும் அவரே. ஆக, புது மனைவி எது செய்வதென்றாலும் முன்னாள் மனைவியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

படி 1: யாருக்கு எவ்வளவு என்று முதலில் பாருங்கள்

கிரயப் பத்திரத்தில் பங்கு விகிதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடி வீடென்றால் பிரிபடாத நிலப் பாகம் யார் பெயரில் எவ்வளவு என்றும் பாருங்கள். விகிதம் எழுதவில்லை என்றால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி, வாங்கும்போது போட்ட பணத்தின் அளவுக்குப் பங்கு; அதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் சரிபாதி. அதனால் முன்பணம் கொடுத்த காசோலை விவரம், தவணை பிடித்த வங்கிக் கணக்கு அறிக்கை இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். புதிதாக ஒரு வில்லங்கச் சான்றும் போடுங்கள். வங்கியில் அசல் பத்திரம் ஒப்படைத்த பதிவு அதில் தெரியும்.

படி 2: வங்கியிடம் பேசுங்கள்

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். அதனாலேயே பாதி வேலை நின்றுபோகிறது. கடன் இருவர் பெயரில் இருந்தால், யார் தவணை கட்டாவிட்டாலும் வங்கி இருவரையும் பிடிக்கும். "இனி தவணை கணவர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. வீட்டை விட்டுக்கொடுத்தவர் பின்னால் புதுக் கடன் கேட்டுப் போகும்போது, அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இந்தப் பழைய கடன் எட்டிப் பார்க்கும்.

வீட்டை வைத்துக்கொள்பவரின் ஒற்றை வருமானத்துக்கு மீதிக் கடனைத் தாங்கும் தகுதி உண்டா என்று வங்கி மறுபடி பார்க்கும். இல்லையென்றால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம், அல்லது ஒரு பகுதியை அடைக்கலாம். பெயர் நீக்கத்துக்கான தடையில்லாச் சான்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மறுமணத்தில் வரும் துணையை இணைக் கடன்தாரராக மட்டும் சேர்ப்பதை நாங்கள் ஏற்பதில்லை. பத்திரத்தில் பெயர் இல்லாமல் கடனில் மட்டும் கையெழுத்துப் போட்டவருக்குப் பொறுப்பு உண்டு, வீட்டில் உரிமை கிடையாது.

படி 3: விடுதலைப் பத்திரம், முடிந்தால் தீர்ப்புக்கு முன்

ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம் போதும். ஆனால் எப்போது பதிகிறீர்கள் என்பதில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். கணவன் மனைவியாக இருக்கும்வரை நீங்கள் ஒரே குடும்பம். அப்போது முத்திரைத் தீர்வை 1%, உச்சவரம்பு 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு 10,000 ரூபாய் (2023 ஜூலையில் உயர்த்திய வரம்புகள்). தீர்ப்பு வந்தபின் குடும்பம் என்ற சலுகை போய்விடும். முத்திரைத் தீர்வை 7%.

விடுவிக்கும் பாதியின் மதிப்பு 30 லட்சம் என்று வையுங்கள். தீர்ப்புக்கு முன் என்றால் தீர்வை 30,000, பதிவுக் கட்டணம் 10,000, மொத்தம் 40,000 ரூபாய். தீர்ப்புக்குப் பின் என்றால் தீர்வை மட்டுமே 2,10,000. பதிவுக் கட்டணம் தனி.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் மனு போட்ட பிறகு சாதாரணமாக ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. (2017இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புப்படி, தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் இதைத் தளர்த்தலாம்.) பத்திர வேலைக்குத் தோதான காலம் அதுதான். ஆனால் தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எனவே பங்கை எழுதிக்கொடுப்பவர் முதல் வாரமே கையெழுத்துப் போட வேண்டாம். காத்திருப்புக் காலம் முடிந்து வரும் இரண்டாம் விசாரணைக்குச் சற்று முன்பு பதிவை வைத்துக்கொண்டு, தொகையை வரைவோலையாகச் சார்பதிவாளர் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வரைவோலை எண் பத்திரத்தில் ஏற வேண்டும். ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் அபராதம் வரும்.

வரியிலும் இதே காலக் கணக்குதான். கணவன் மனைவிக்குள் இலவசமாகக் கொடுத்தால் வாங்குபவருக்கு வரி இல்லை. விவாகரத்துக்குப் பின் அவர் "உறவினர்" என்ற பட்டியலில் இல்லை; இலவசமாகப் பெற்ற பங்கை வருமானமாகக் கணக்கிடும் கேள்வி எழலாம். பணம் வாங்கிக்கொண்டு விடுவிப்பவர், மூலதன ஆதாய வரியை ஆடிட்டரிடம் முன்பே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பிள்ளை பேருக்கு எழுதிடலாமே?"

பேச்சுவார்த்தை முட்டி நிற்கும்போது பெரியவர்கள் சொல்லும் தீர்வு இது. மனசு நல்லதுதான். ஆனால் மைனர் பெயருக்குப் போன சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். கடன் நிலுவையில் இருக்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது. கடன் இல்லை, பிள்ளை 18 வயது ஆகும்வரை விற்கும் தேவையும் வராது என்றால் மட்டும் யோசியுங்கள்.

படி 4: மற்றவர் ஒத்துவராவிட்டால்

பாகப்பிரிவினை வழக்குதான் வழி. கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்குகளைக் குடும்பநல நீதிமன்றம் விசாரிக்கும். ஒரே பிளாட்டை இரண்டாகப் பிரிக்க முடியாது என்பதால் விற்கச் சொல்லிக் கேட்கும் நிலை வரும். இங்கே 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: பாதியோ அதற்கு மேலோ பங்குள்ள ஒருவர் விற்பனை கேட்டால், மற்றவர் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு, விற்பனை கேட்டவரின் பங்கை வாங்கிக்கொள்ள மனு செய்யலாம். வீடு உங்களுக்கே வேண்டுமென்றால், விற்பனை கேட்டு மனுப் போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

படி 5: உயில்

வழக்கு இழுத்தாலும் உயில் எழுத எந்தத் தடையும் இல்லை. உங்கள் பங்கு யாருக்கு என்று இன்றே எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் போதும். உயிலில் பயன்பெறுபவர் சாட்சியாக வேண்டாம். பலர் தெரியாமல் விடுவது இதுதான்: இந்துக்களுக்கு, விவாகரத்தோ மறுமணமோ பழைய உயிலைத் தானாக ரத்து செய்யாது. 10 ஆண்டுக்கு முன் முன்னாள் துணைக்கு எழுதிய உயில் இன்றும் செல்லும். அதை ரத்து செய்து புதிது எழுத வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு நேர்மாறு. மறுமணம் நடந்ததுமே பழைய உயில் செல்லாது, பிள்ளைகளுக்கு எழுதியதும் சேர்த்து. அவர்கள் மணமான கையோடு புதிதாக எழுத வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மறுமணம் செய்த இந்துப் பெண் பிள்ளையில்லாமல், உயிலும் இல்லாமல் இறந்தால், அவர் சம்பாதித்து வாங்கிய பங்கு புதுக் கணவருக்குப் போகும். அவரும் இல்லையென்றால் அவர் வீட்டு வாரிசுகளுக்குப் போகும். பெண்ணின் சொந்த அம்மா அப்பா அதற்குப் பின்னால்தான். பெற்றோர் உங்களை நம்பி இருந்தால் உயிலைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: மீதிப் பெயர் மாற்றங்கள்

விடுதலைப் பத்திரம் பதிவானதும் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றுங்கள். வங்கிக் கணக்கு, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றில் நாமினியாக முன்னாள் துணையே இருப்பார், அதையும் மாற்றுங்கள். கடன் முழுதாக அடைந்தால் 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரத்தைத் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அசலை வாங்கிய கையோடு, கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீது ஆவணத்தையும் வங்கியிடமிருந்து பதிந்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் கட்டி முடித்த கடன் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும்.